சிறிய வீட்டைத் தரப்படுத்திய பாகங்களால் கட்டுவது எப்படி

தமிழ்நாட்டில் ஒரு சிறிய வீட்டின் வேலை முடியும் தறுவாயில் மனையின் ஓரத்தில் ஒரு குவியல் சேர்ந்திருக்கும். பாதியாக உடைத்த கற்கள், விளிம்பு அறுத்த டைல்கள், முழங்கை நீளக் கம்பித் துண்டுகள், ஒரே முறை பயன்பட்ட சென்ட்ரிங் பலகைகள் என்று அதில் எல்லாம் கிடக்கும். இவை அத்தனையும் முழு விலை கொடுத்து வாங்கி, கூலி கொடுத்து உடைத்து, மறுபடியும் வண்டி வாடகை கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய பொருள்கள். கொத்தனாரின் கவனக்குறைவுதான் இதற்குக் காரணம் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வரைபடத்தில் இருக்கிறது. கல்லின் அளவையோ கடையில் கிடைக்கும் ஜன்னலின் அளவையோ பாராமல் அறையின் அளவு முடிவாகிவிடுகிறது. அந்தப் பொருந்தாமையைச் சரிக்கட்டும் பொறுப்பு கொத்தனாரின் கரண்டிக்கு வந்து சேர்கிறது.

தரப்படுத்திய பாகங்கள் என்றதும் தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேன் வைத்து நிறுத்தும் முழுச் சுவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. சென்னைப் பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டி 2022 மே மாதத்தில் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் அப்படி முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டப்பட்டவை. அங்கே ஒரே அச்சு திரும்பத் திரும்பப் பயன்படுவதால் அச்சின் விலை பல வீடுகளுக்குப் பிரிந்துபோகிறது. தனி வீடு ஒன்றுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ஆனால் அதே முறையின் உயிர்நாடியான மூன்று பழக்கங்களை, அதாவது அளவை முன்கூட்டியே முடிவு செய்வது, ஒரே பாகத்தைப் பல இடங்களில் பயன்படுத்துவது, பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் சந்துகளைக் கவனமாகத் திட்டமிடுவது ஆகியவற்றைக் கிரேன் இல்லாமலேயே கையாளலாம். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. தரைத்தளமும், வேண்டுமானால் மேலே ஒரு மாடியும் கொண்ட, கான்கிரீட் பிளாக் சுவர்களே சுமையைத் தாங்கும் வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அடித்தளம், கம்பி அளவு, மேல்தள வடிவமைப்பு ஆகியவற்றை ஒரு கட்டுமானப் பொறியாளர் கணக்கிட்டுத் தரவேண்டும். இங்கே சொல்லப்படுவது அவருக்கு மாற்று ஆகாது.

அளவை முதலில் பூட்டுங்கள்

இந்தியத் தரநிலைகள் கட்டட அளவுகளுக்கு அடிப்படை அலகாக 100 மி.மீ. என்பதை வைத்திருக்கின்றன. வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கட்டும். அடிக்கணக்கும் மீட்டர் கணக்கும் கலந்த வரைபடத்திலிருந்துதான் அரை அங்குலப் பிழைகள் பிறக்கின்றன. சுவர் எழுந்த பிறகு அரை அங்குலத்தை எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

நம் ஊரில் 16 அங்குல பிளாக் என்று கேட்டு வாங்குவது, மில்லிமீட்டர் கணக்கில் 400 × 200 × 200 என்ற பெயரளவு கொண்டது. உண்மையான கல் 390 × 190 × 190 இருக்கவேண்டும். மீதி 10 மி.மீ. கலவைச் சந்துக்கு உரியது. இந்த ஒரு விவரத்திலிருந்து வீட்டின் எல்லா அளவுகளையும் வருவித்துவிடலாம். அரைக் கல்லை ஓர் அலகாக, அதாவது 200 மி.மீ. என்று கொள்ளுங்கள். இரு முனையும் வெளியில் தெரியும் சுவரின் நீளம் 200-இன் மடங்கில் 10 குறைவாக வரும். ஏனென்றால் கடைசிக் கல்லுக்கு அப்பால் சந்து இல்லை. இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட திறப்பும் அறையின் உட்பக்க நீளமும் 200-இன் மடங்கில் 10 கூடுதலாக வரும். ஆகவே வெளிப்புறச் சுவர் 4390 மி.மீ. என்றால் இருபுறமும் 190 மி.மீ. சுவர் போக உள்ளே 4010 மி.மீ. கிடைக்கும். உள்ளளவு 3010 × 4010 கொண்ட ஓர் அறையில் ஒரு கல்லைக்கூட உடைக்க வேண்டியதில்லை. 3000 × 4000 என்று வட்டமாக எழுதிவிட்டால், ஒவ்வொரு வரியிலும், அதாவது ஒவ்வொரு கல்லடுக்கிலும், கொத்தனார் சந்தைச் சுருக்கியோ கல்லைக் கொத்தியோ அந்த 10 மி.மீ.யைத் தேட வேண்டியிருக்கும்.

உயரத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு வரி 200 மி.மீ. என்பதால் 10 வரியில் 2000, 11 வரியில் 2200 வருகிறது. கதவின் உயரமோ 2100. இது பொருந்தாது என்று எண்ணிப் பலர், திறப்பின் தலைக்குமேல் வரும் கான்கிரீட் சட்டமான லிண்டலுக்குக் கீழே பாதி வரியாகச் செங்கலைச் சொருகுகிறார்கள். அதற்குத் தேவையில்லை. பிளிந்த் பீமின் (அடித்தளத்துக்கு மேல், சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் விட்டம்) மேல்மட்டத்திலிருந்து முதல் வரியைத் தொடங்குங்கள். தரைக் கான்கிரீட், கலவை, டைல் மூன்றும் சேர்ந்து 100 மி.மீ. உயரும்படி வையுங்கள். அப்போது 11 வரிக்கு மேல் உட்காரும் லிண்டலுக்கும் முடிந்த தரைக்கும் இடையே, லிண்டலுக்கு அடியில் இடும் கலவையையும் சேர்த்து 2110 மி.மீ. தானாக வந்துவிடும். ஜன்னலின் அடிமட்டம் 5 வரியில் அமைந்தால் தரையிலிருந்து 900 மி.மீ. உயரத்தில் இருக்கும், அங்கிருந்து 6 வரி ஏறினால் அதே லிண்டல் மட்டம். கழிவறையின் வெண்டிலேட்டர் 8 வரியில் தொடங்கி 3 வரி ஏறினால் அதுவும் அதே மட்டத்தில் முடியும். வீடு முழுவதற்கும் லிண்டல் மட்டம் ஒன்றே என்றானால், அதைச் சுவர்களின்மேல் தொடர்ச்சியாக ஓடும் கான்கிரீட் பட்டையாக, அதாவது பெல்ட்டாக, ஓட்டுவதும் எளிதாகிவிடும்.

திறப்புகளின் அகலத்தை மூன்று கதவு அளவிலும் இரண்டு ஜன்னல் அளவிலும் நிறுத்திக்கொள்ளுங்கள். தலைவாசலுக்கு 1210, அறைகளுக்கு 1010, கழிவறைக்கு 810, எல்லா ஜன்னலுக்கும் 1210 × 1210, எல்லா வெண்டிலேட்டருக்கும் 610 × 610 என்பது ஆயிரம் சதுர அடி வீட்டுக்குப் போதும். கூடத்துக்கு அகலமான ஜன்னல் வேண்டும் என்று தோன்றினால், அதே ஜன்னல் இரண்டை இடையில் ஒரு கல் அகலம் விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்தக் கல்தூண் சுமையைத் தாங்குமா என்பதை மட்டும் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய அளவு ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் அதற்கு வேறொரு சட்டம், வேறொரு கம்பிவலை, வேறொரு லிண்டல், வேறொரு திரைச்சீலைக் கம்பி எல்லாம் வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் மனையடி சாஸ்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நடைமுறை முழுமையாகாது. உள்ளளவு 10 அடி, 11 அடி, 16 அடி என்று குடும்பத்தார் கேட்பது வழக்கம். 10 அடி என்பது 3048 மி.மீ.; அருகில் உள்ள மடங்குகள் 3010, 3210. இந்தப் பேச்சை வரைபட மேசையிலேயே முடித்துவிட வேண்டும். மடங்கில் கிடைக்கும் அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் மாற்றி ஒரு பட்டியலாக எழுதிப் பெரியவர்கள் கையில் கொடுத்தால், பெரும்பாலான அறைகளுக்கு அவர்களுக்கும் ஒப்பான அளவு ஒன்று அதிலேயே இருக்கும். ஓர் அறை மட்டும் சரியாக 3048 இருந்தே தீரவேண்டும் என்றால், அந்தச் சுவரில் மட்டும், இயந்திரத்தால் கல்லை நேராக அறுத்து, அறுத்த கல் ஒரே நெட்டுப் பகுதிக்குள் அடங்கும்படி கட்டச் சொல்லுங்கள். அந்த விலகல் வீடு முழுவதும் பரவாமல் காப்பதுதான் முக்கியம். மனை கோணலாக இருந்தாலும் இதே நெறிதான். வீட்டைச் சதுரமாகவே வைத்து, கோணலை வீட்டின் பக்கத்துக் காலி இடத்திலும் தோட்டத்திலும் விட்டுவிடுங்கள்.

கல்லை வாங்கும்போது

காகிதத்தில் போட்ட கணக்கு கல் சொன்ன அளவில் வந்தால்தான் நிற்கும். கான்கிரீட் பிளாக்குக்கான ஐஎஸ் 2185 என்ற இந்தியத் தரநிலை நீளத்தில் 5 மி.மீ. வரையும், உயரத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. வரையும் கூடக்குறைய இருக்க அனுமதிக்கிறது. மாதிரிக்குக் கொடுக்கும் ஒரே கல்லை அளந்து திருப்தி அடைய வேண்டாம். பிளாக் வார்க்கும் களத்துக்கு நேரில் சென்று, அடுக்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து நீங்களே எடுத்த 10 கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரத்தை அளந்து பாருங்கள். 1900 மி.மீ.க்கு அருகில் வரவேண்டும். ஓர் அடுக்கு 1880-உம் மற்றொன்று 1920-உம் வந்தால் அச்சு தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் களத்தின் கல்லில் வரிமட்டம் நிற்காது. அடித்தளத்துக்கோ மதிலுக்கோ செங்கல் வாங்குவதாக இருந்தால் ஐஎஸ் 1077 சொல்லும் சோதனையும் இதே வகைதான். 20 கற்களை நீளவாக்கில் ஒட்டி வைத்து அளக்கவேண்டும், 230 மி.மீ. செங்கலுக்கு 4520-க்கும் 4680-க்கும் இடையில் இருந்தால் சரி. தனிக் கல்லில் சிறு பிழை இருக்கலாம், இருபது கல்லில் சராசரி தெரிந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வார்த்த தேதியைக் கேளுங்கள். 28 நாள் ஆகாத பிளாக், சுவரில் ஏறிய பிறகு சுருங்கும். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் அப்படித்தான் தோன்றுகின்றன. அரைக் கற்களையும் சேர்த்தே வாங்குங்கள். திறப்பின் ஓரத்தில் ஒன்றுவிட்டு ஒரு வரியில் அரைக் கல் வரும் என்பதால், 6 வரி உயர ஜன்னல் ஒன்றுக்குப் பக்கத்துக்கு 3 என 6 அரைக் கற்கள் வேண்டும். அவற்றை வாங்காமல் விட்டால் கொத்தனார் முழுக் கல்லை உடைத்து அரைக் கல் ஆக்குவார், உள்ளே ஓட்டையுள்ள ஹாலோ பிளாக் அப்படி நேராக உடையாது.

செங்கலை ஊறவைத்துக் கட்டிப் பழகிய கை, பிளாக்கையும் தண்ணீரில் நனைக்கத் தேடும். பிளாக்கை ஊறவைக்கக் கூடாது. வெயில் கடுமையாக இருந்தால் கலவை படும் முகத்தை லேசாக ஈரப்படுத்தலாம், அவ்வளவே. ஊறிய பிளாக் காயும்போது சுருங்கிச் சந்தைப் பிளக்கும். இதை வேலை தொடங்கும் நாளிலேயே மேஸ்திரியிடம் காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.

முதல் வரியைக் கலவை இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்ப்பது தவறாமல் செய்யவேண்டிய வேலை. வீட்டின் எல்லாச் சுவர்களுக்கும் முதல் வரிக் கற்களை 10 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கி, மூலைவிட்டங்களை அளந்து, கதவு வரும் இடங்களைச் சுண்ணாம்பால் குறியுங்கள். 10 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைச் சந்தில் சொருகிப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். அரை நாள் பிடிக்கும் இந்த வேலையில் வரைபடத்தின் பிழைகள் எல்லாம் வெளியே வரும். பிறகு மூலைக்கு ஒன்றாக 200 மி.மீ.க்கு ஒரு கோடு போட்ட மரச்சட்டத்தைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தி, கோட்டுக்குக் கோடு நூல் கட்டி வரியை ஏற்றச் சொல்லுங்கள்.

சட்டங்களும் மாதிரிச் சட்டமும்

சுவர் எழுந்த பிறகு ஜன்னல்காரர் வந்து ஒவ்வொரு திறப்பையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவில் சட்டம் செய்து தருவதே இப்போதைய வழக்கம். தரப்படுத்திய முறையில் இந்த வரிசை தலைகீழாக வேண்டும். 1210 திறப்புக்கு யுபிவிசி (ஒருவகைக் கெட்டி பிளாஸ்டிக்) அல்லது அலுமினியச் சட்டம் 1180 என்று வரைபடத்திலிருந்தே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு 15 மி.மீ. இடைவெளி கிடைக்கும், சுவரில் வரும் சிறு பிழையை அந்த இடைவெளி விழுங்கிக்கொள்ளும். இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகச் செய்வதுதான் நேர்த்தி என்று எண்ணுவது தவறு. எந்தப் பாகம் எதனோடு சேருகிறதோ, அங்கே எவ்வளவு பிழையை அனுமதிக்கிறோம் என்று முன்பே எழுதி வைப்பதே நேர்த்தி.

திறப்பு சொன்ன அளவில் வருவதற்கு ஒரு மாதிரிச் சட்டம் செய்யுங்கள். சதுர இரும்புக் குழாயை வெளிப்பக்க அளவு 1206 வரும்படி பற்றவைத்து, மூலைகளில் குறுக்குச் சட்டம் கொடுத்தால், வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் அந்த ஒன்றே போதும். அடிமட்ட வரி முடிந்ததும் அதை நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, இருபுறமும் கல்லை ஏற்றி, லிண்டல் மட்டம் வந்ததும் உருவி அடுத்த ஜன்னலுக்குக் கொண்டுபோகலாம். கதவுகளுக்கு முன்வார்ப்புக் கான்கிரீட் நிலைகளைப் பயன்படுத்தினால், ஐஎஸ் 6523 தரநிலைக்கு ஒத்தவையா என்று கேட்டு, தாழ்ப்பாளும் கீலும் வரும் இடங்களில் மரக்கட்டையோ பிளாஸ்டிக் பிளக்கோ புதைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத நிலையில் பின்னால் துளைபோடும்போது விளிம்பு தெறிக்கும். கழிவறைக்குக் கான்கிரீட் நிலை மரத்தைவிட மிக நல்லது.

மனையிலேயே வார்க்கக்கூடியவை

பரண் பலகை, சமையல் மேடைத் தாங்கி, தொட்டி மூடி, வடிகால் மூடி, அலமாரித் தட்டு, சிறிய சன்ஷேடு ஆகியவற்றை மேலே ஏறிச் சென்ட்ரிங் அடித்து வார்ப்பதைவிடத் தரையில் அச்சுவைத்து வார்த்து ஏற்றுவது மலிவும் தரமும் உடையது. சன்ஷேடு சுவருக்கு வெளியே நீண்டு தொங்குவதால், அதன் பின்பகுதி சுவருக்குள் எவ்வளவு போகவேண்டும், மேலே எவ்வளவு எடை அமரவேண்டும் என்பதைப் பொறியாளர் சொல்லாமல் வார்க்காதீர்கள்.

அச்சுக்கு 18 மி.மீ. ஒட்டுப்பலகை அல்லது இரும்புத் தகடு ஏற்றது. உள்பக்க மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். எண்ணெய் பூசி, கம்பி அச்சின் அடியைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைகளான கவர் பிளாக்குகளை அடியில் வைத்துக் கம்பியை அமர்த்துங்கள். ஜல்லியையும் மணலையும் இரும்புச் சட்டியால் எண்ணிப் போடுவதை நிறுத்தி, உள்ளளவு 40 × 35 × 25 செ.மீ. கொண்ட பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 35 லிட்டர். ஒரு மூட்டை சிமென்ட்டின் கொள்ளளவும் அதுவே. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி, 25 லிட்டருக்கு மிகாத தண்ணீர் என்று வைத்தால், முதல் பலகைக்கும் கடைசிப் பலகைக்கும் ஒரே கலவை கிடைக்கும். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைக்கவேண்டும்.

மேற்பரப்பைத் தட்டி மட்டமாக்கிய பிறகு, கான்கிரீட் இறுகுவதற்கு முன், ஓர் ஆணியால் அதில் மூன்று விவரங்களைக் கீறி எழுதுங்கள்: பாகத்தின் எண், வார்த்த தேதி, ‘மேல்’ என்ற சொல். கடைசியாகச் சொன்னதுதான் உயிர் காக்கும் விவரம். சாதாரணப் பலகையில் முதன்மைக் கம்பி அடியில் இருக்கும். சன்ஷேடில் அது மேலே இருக்கும். காய்ந்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் கம்பி என்று யாருக்கும் தெரியாது. தலைகீழாக வைத்த பலகை சில மாதம் நிற்கலாம்; யாராவது அதன்மேல் ஏறும் நாளில் முறியும்.

பக்கப் பலகைகளை மறுநாள் கழற்றலாம். பிபிசி (போர்ட்லண்ட் பொசொலானா) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்துவர வேண்டும் என்று ஐஎஸ் 456 சொல்கிறது. வெயில் நேரடியாக விழாத இடத்தில், வார்த்த அதே நிலையில், இரு முனைகளுக்கும் அருகில் மரக்கட்டை வைத்து அடுக்குங்கள். நடுவில் மட்டும் கட்டை வைத்தால் பலகை எதிர்த்திசையில் வளைந்து, கம்பி இல்லாத பக்கத்தில் கீறும்.

மேல்தளம்: பலகையும் விட்டமும்

ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முன்வார்ப்புப் பலகை–விட்டம் முறை, கிரேன் இல்லாத சிறு வீட்டுக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. ஐஎஸ் 13990, ஐஎஸ் 13994 ஆகிய 1994-ஆம் ஆண்டுத் தரநிலைகள் அதற்கு உண்டு. பலகை 300 மி.மீ. அகலமும் அதிகபட்சம் 1500 மி.மீ. நீளமும் உடையது, சில பகுதிகளில் 60, மற்றவற்றில் 30 மி.மீ. தடிமன். எடை 40 முதல் 50 கிலோ என்பதால் இருவர் தூக்கி ஏற்றலாம். விட்டம் 150 மி.மீ. அகலமுள்ளது; அதன் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். விட்டங்களைச் சுவரில் ஏற்றி, அவற்றின்மேல் பலகைகளைப் பரப்பி, மேலே கம்பியிட்டுக் கான்கிரீட் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே தளமாக இயங்கும். அடியில் முழுச் சென்ட்ரிங் தேவையில்லை. புதுக் கான்கிரீட் வலுப்பெறும்வரை விட்டங்களுக்கு நடுவில் பொறியாளர் சொன்னபடி முட்டு இருந்தால் போதும்.

நாம் எடுத்துக்கொண்ட 3010 × 4010 அறையை இதில் வைத்துப் பாருங்கள். குறுகிய பக்கத்தைத் தாண்டும்படி இரண்டு விட்டங்களை வைத்தால் 4010 மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 1337 மி.மீ. ஆகும், பலகையின் வரம்புக்குள் அடங்கிவிட்டது. 3010-இல் 300 மி.மீ. பலகை பத்து சரியாக உட்காரும். ஆக, அறைக்கு 30 பலகை, 2 விட்டம். பலகையை அறுக்கவேண்டிய இடமே இல்லை. மின்விசிறிக் கொக்கியின் இடமும் தானாக அமைகிறது. அறையின் நடுப்புள்ளி நடுப்பகுதியின் ஐந்தாம் பலகைக்கும் ஆறாம் பலகைக்கும் இடையிலான சந்தில் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் கொக்கியின் கம்பியைக் குறுக்காக வைத்து மேல்கான்கிரீட்டோடு சேர்த்துப் புதைத்துவிடலாம். ஆனால் மின்குழாய்கள் எங்கே ஓடும் என்பதைப் பலகை பரப்பும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துக் குறித்துவிட வேண்டும். பின்னால் உளி வைத்தால் 30 மி.மீ. தடிமன் தாங்காது.

கழிவறையின் தாழ்த்திய தளத்துக்கும், தண்ணீர்த் தொட்டி அமரும் இடத்துக்கும், வளைந்த முகப்புக்கும் இந்த முறையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவற்றை வழக்கம்போல் சென்ட்ரிங் அடித்து வார்ப்பதே நல்லது.

சந்துகள்

முன்வார்ப்புக் கட்டடத்தில் பாகங்கள் பலமாக இருந்தும் கட்டடம் விழலாம். 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆம் மாடியில் சமையல் எரிவாயு வெடித்தது. முன்வார்ப்புச் சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட, மேலிருந்த தளங்கள் தாங்கலின்றி ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து அந்த மூலை முழுவதும் சரிந்தது, நால்வர் இறந்தனர். பாகங்களுக்கு இடையிலான இணைப்பின் பலவீனமே அத்தனை பெரிய சரிவுக்குக் காரணம் என்பது விசாரணையில் வெளிப்பட்டு, உலகெங்கும் கட்டட விதிகள் மாறின. நம் வீடு 22 மாடி இல்லை என்றாலும், பாகத்தைப் பாகத்தோடு கட்டும் கம்பியைக் கொத்தனாரின் விருப்பத்துக்கு விடக்கூடாது.

விட்டம் சுவரில் குறைந்தது 100 மி.மீ. உட்காரட்டும், அதன் அடியில் வெறும் கல் இல்லாமல், ஓட்டைகளைக் கான்கிரீட்டால் நிரப்பிய வரியோ கான்கிரீட் பெல்ட்டோ இருக்கட்டும். விட்டத்தின் முனைக் கம்பிகள் பெல்ட்டுக்குள் வளைந்து இறங்கட்டும். லிண்டல் மட்டத்தில் தொடர் பெல்ட் வேண்டும் என்று பொறியாளர் சொன்னால், தனித்தனி முன்வார்ப்பு லிண்டல்களைக் கைவிட்டு, ‘யு’ வடிவப் பிளாக்குகளை வரிசையாக வைத்து உள்ளே கம்பியும் கான்கிரீட்டும் போடுங்கள். சுவருக்கு மேல் பக்கப் பலகை அடிக்கவேண்டாம், திறப்புகளுக்குக் கீழே மட்டும் முட்டு போதும். மூலைகளில் ஹாலோ பிளாக்கின் ஓட்டை வழியே நெட்டுக்கம்பி இறக்கி நிரப்பும்போது, மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை குத்திக் குத்தி நிரப்பவேண்டும். மொத்தமாக மேலிருந்து ஊற்றினால் இடையில் வெற்றிடம் நிற்கும். இந்த வேலை நடக்கும் நாள்களில் பொறியாளர் நேரில் இருக்கவேண்டும். சுவர் மூடிய பிறகு எந்தச் சந்தையும் பார்க்க முடியாது. பெல்ட்டுக்குள் கம்பி கட்டி முடிந்ததும் ஒவ்வொரு மூலையையும் கைபேசியில் படம் எடுத்து, மூலையின் எண்ணோடு சேமித்து வையுங்கள்.

கம்பியும் ரெடிமிக்ஸும்

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. துண்டுகளை 2.4, 3, 4 மீட்டர் என்று 12-ஐ மீதியின்றி வகுக்கும் நீளங்களுக்குள் கொண்டுவர முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். 2.5 மீட்டர் துண்டு வெட்டினால் ஒவ்வொரு கம்பியிலும் 2 மீட்டர் மீதி, 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ என்பதால் நூறு கம்பியில் ஏறத்தாழ 178 கிலோ இரும்பு துண்டாகிப்போகும். ரிங் அளவு வீடு முழுவதும் இரண்டுக்கு மேல் வேண்டாம். வெட்டி வளைத்துத் தரும் கூடத்திலிருந்து வாங்கினால், ஒவ்வொரு கட்டிலும் தொங்கும் அட்டையில் உள்ள எண் வரைபடத்தின் கம்பிப் பட்டியலோடு ஒத்திருக்கிறதா என்று இறக்கும்போதே சரிபாருங்கள்.

ஆலையில் கலந்து கொண்டுவரும் கான்கிரீட்டான ரெடிமிக்ஸ் வண்டி வந்ததும் ரசீதில் தரத்தையும் ஏற்றிய நேரத்தையும் பாருங்கள். ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ஐஎஸ் 4926 வகுத்த வரம்பு. கலவை கெட்டியாக இருக்கிறது என்று சொல்லி டிரம்முக்குள் தண்ணீர்க் குழாயைத் திருப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள்.

வேலையின் வரிசை

வழக்கமான வேலையில் கடைசியாக முடிவாகும் விவரங்கள் இந்த முறையில் முதலில் முடிவாகவேண்டும். டைலின் தடிமன், ஜன்னல் நிறுவனம் தரும் சட்டத்தின் அளவு, மின்குழாய்ப் பாதை, கழிவுநீர்க் குழாய் சுவரைக் கடக்கும் இடம், பரண் உயரம் ஆகிய ஐந்தும் அடித்தளம் தோண்டும் முன் வரைபடத்தில் ஏறியிருக்கட்டும். அடித்தள வேலை நடக்கும் வாரங்களில் பலகைகளையும் விட்டங்களையும் வார்க்கத் தொடங்கினால், சுவர் லிண்டலைத் தொடும்போது அவை 28 நாளைக் கடந்திருக்கும். மனையில் அச்சுக்கும் அடுக்குவதற்கும் இடம் இல்லையென்றால் அருகில் ஒரு காலி மனையைச் சில மாதங்களுக்குக் கேட்டு வாங்குங்கள். நெருக்கடியான இடத்தில் வார்த்த பாகங்களில்தான் விளிம்பு உடைவது அதிகம்.

ஒப்பந்தத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது கல் உடைந்தாலும் கம்பி மிஞ்சினாலும் யாருக்கும் கணக்கில்லை. பாகங்களின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து, எத்தனை முழுக் கல், எத்தனை அரைக் கல், எத்தனை பலகை, எத்தனை சட்டம் என்று எழுதி, நூற்றுக்கு 3 கல்லுக்கு மேல் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் பேசிவிடுங்கள். அதே பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சிமென்ட் கொட்டகையின் கதவில் ஒட்டி, ஒவ்வொரு மாலையும் பயன்பட்ட எண்ணிக்கையை மேஸ்திரியே எழுதும்படி செய்யவேண்டும். எண்ணிக்கை விலகும் நாளிலேயே காரணத்தைக் கேட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும்.